மேக்கணக்கு, வெளிச்சம் இருக்கா?

சம்பளமே இல்லாத வேலைக்குச் சம்பளம் வெட்டிய ஒரே மனிதர் இந்த மலைநாட்டில் எங்கள் பெரட்டுதான். அவரிடம் வெட்டு வாங்கியவர்களில் நானும் ஒருவன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். அந்தக் குரலை நீங்கள் கேட்டதில்லை.

பெரட்டு அவருடைய பெயரல்ல. தேயிலைத் தோட்டத்தில் விடிந்ததும் ஆட்களை நிற்க வைத்து, பேர் கூப்பிட்டு, இன்னார் இன்ன மலைக்கு என்று பிரித்து அனுப்புவதைத்தான் பெரட்டு என்போம். கங்காணியாக இருந்த காலமெல்லாம் அதைச் செய்தவர், ஓய்வுபெற்ற பிறகும் விடவில்லை. கூப்பிட ஆள் கிடைக்காமல் வீட்டுக் கோழிகளை வரிசைக்கு அழைத்தார். பிந்தி வந்த கோழிக்கு அன்றைக்குப் பாதித் தவிடுதான். காக்கிக் கோட்டு, அரைக் காற்சட்டை, கோட்டுக் காலரில் முதுகுப் பக்கமாக மாட்டிய குடை. மழை பெய்தாலும் அந்தக் குடையை விரிக்க மாட்டார். அது அதிகாரத்துக்காக வைத்திருந்த குடை.

எங்கள் தோட்டம் டயகமவுக்கும் மேலே, போன் கம்பெனிக்காரர்கள் மறந்துபோன இடத்தில் இருக்கிறது. சிக்னல் வேண்டுமென்றால் கோயில் வளைவுக்குப் போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். தூரத்திலிருந்து பார்ப்பவர்கள் சாமி கும்பிடுகிறோம் என்று நினைப்பார்கள். இந்த லட்சணத்தில் கொழும்பிலிருந்து நல்ல மனது படைத்த சிலர் வந்து, நமக்கு நாமே ஒரு நெட்வொர்க் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். பால்குடிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பழைய மடுவம் ஒன்று பூட்டிக் கிடந்தது. அதற்குள் சர்வர் என்று ஒரு கறுப்புப் பெட்டியை வைத்தார்கள். கீக்கணக்கு, நடுக்கணக்கு, மேக்கணக்கு என்று தோட்டத்தின் மூன்று பிரிவுகளிலும் வரிசை வீடுகளான லயத்தின் கூரை மேல் ஒவ்வொரு அன்டெனா. பிள்ளைகளுக்குப் பாடம், பரீட்சைத் தாள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கும். ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குக் காசில்லாமல் பேசலாம்.

ஆனால் அது வந்ததற்கு உண்மையான காரணம் மேக்கணக்கு. அந்த லயத்துக்கு மேலே மலை வெடித்திருந்தது. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், வெடிப்புக்குள் குச்சி விட்டுப் பார்த்தார்கள், ‘ஆபத்து’ என்று சிவப்புப் பலகை நட்டார்கள், போய்விட்டார்கள். மாற்றுக் காணி வரும் என்றார்கள். வரவில்லை. சனம் அந்தப் பலகையில் துணி காயப்போட்டுக்கொண்டு அங்கேயே இருந்தது. மழை எச்சரிக்கை வந்தால் அவர்களுக்குச் சொல்ல இந்தப் பெட்டியை விட்டால் வேறு வழியில்லை.

பெட்டியைப் பார்த்துக்கொள்ளத் தொண்டர்கள் வேண்டுமென்று கூட்டம் போட்டோம். நான் தோட்டப் பாடசாலை வாத்தியார். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று யாரோ வதந்தி கிளப்பியிருந்ததால் நான்தான் அமைப்பாளர். கண்மூடித் திறப்பதற்குள் தலைவர், உபதலைவர்கள், செயலாளர், போஷகர்கள் என்று எல்லாப் பதவிக்கும் ஆள் வந்துவிட்டது. அடுத்த வாரம் காற்றில் கீக்கணக்கு அன்டெனா சாய்ந்தது. கூரையில் ஏறத்தான் ஆள் இல்லை. போஷகர்கள் கீழே நின்று அண்ணாந்து பார்த்து வருத்தம் தெரிவித்தார்கள்.

அப்போதுதான் பெரட்டு வந்தார். கேள்விப்பட்டு வந்தாரா, மோப்பம் பிடித்து வந்தாரா தெரியாது.

“என்னா வாத்தியாரே, இத்தனை தலை இருக்கு, ஒரு கையி இல்லையே?”

“கமிட்டி போட்டிருக்குங்க...”

“கமிட்டி போட்டா வெளிச்சம் எரியுமா? பெரட்டு வைங்க. நான் கூப்புடுறேன்.”

மறுநாள் விடிந்ததும் மடுவத்தில் மைக் முன்னால் உட்கார்ந்துவிட்டார். சர்வர் என்றால் என்ன, அன்டெனா என்றால் என்ன, ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. கணக்குக்கு ஒரு தொண்டர். அவர் எழுந்து போய் அன்டெனாவில் எரியும் பச்சை விளக்கைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

“கீக்கணக்கு! வெளிச்சம் இருக்கா?”

“வெளிச்சம் இருக்குங்க.”

“நடுக்கணக்கு!”

“வெளிச்சம் இருக்குங்க.” இது முன்பள்ளி மேரி டீச்சர்.

கடைசியில் தன்னையே கூப்பிட்டுக்கொள்வார். “மடுவம்!” என்று கங்காணிக் குரலில் ஒரு அதட்டல். உடனே குரலைத் தாழ்த்தி, “வெளிச்சம் இருக்குங்க” என்று பவ்வியமாகப் பதில். தனக்குத் தானே பயந்த மனிதரை நான் அங்கேதான் பார்த்தேன்.

பிந்தினால் அரைப்பேர். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர்; கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போடுவார்கள், பாதி நாள் சம்பளம்தான். இங்கே சம்பளமே கிடையாது, எதில் பாதி என்று யாரும் கேட்கவில்லை. மூன்று கணக்கும் கேட்க “உனக்கு இன்னிக்கி அரைப்பேரு!” என்று அவர் சொன்னதும், பரம்பரை பரம்பரையாக அந்தச் சொல்லுக்குப் பயந்த உடம்பு தானாக நடுங்கும். ஒருநாள் கீக்கணக்குத் தொண்டருக்கு உடம்பு சரியில்லை என்று அங்கத்து விளக்கைப் பார்க்க நான் ஒத்துக்கொண்டேன். குளிரில் கம்பளிக்குள் கிடந்தபடியே “வெளிச்சம் இருக்குங்க” என்றேன். கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே இருமல் சத்தம். பெரட்டு மைக்கை விட்டு எழுந்து வந்து நிற்கிறார்.

“கம்பளிக்குள்ளயா வாத்தியாரே எரியுது வெளிச்சம்?”

கொழும்பிலிருந்து பயிற்சி கொடுக்க வந்த பிள்ளையையும் விடவில்லை. அது லேப்டாப்பைத் திறந்து, “சிவப்பு வந்தா பிரச்சினை ஐயா, பச்சை வந்தா எல்லாம் ஓகே” என்று காட்டியது.

“ஓகேன்னு யாரு சொல்றா?”

“சிஸ்டமே சொல்லும் ஐயா.”

“அது போயி பாத்துச்சா?”

மறுநாள் பெரட்டுக்குப் பிந்தி வந்ததற்கு அந்தப் பிள்ளைக்கும் அரைப்பேர். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டது. பஸ் ஏறும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “சேர், அது எங்க ஆபீசுக்குத் தெரியவருமா?” என்று கேட்டது.

எதை மன்னித்தாலும் ஒருவருக்குப் பதில் இன்னொருவர் குரல் கொடுப்பதை மட்டும் அவர் மன்னிக்க மாட்டார். “ஆள் இல்லாத எடத்துல குரல் இருக்கக்கூடாது” என்பார். அவர் கங்காணியான புதிதில் ஒருத்தன் காலையில் மலைக்கு வரும் வழியில் பள்ளத்தில் விழுந்துவிட்டான். பெரட்டில் அவன் பேரைக் கூப்பிட்டபோது கூட்டாளி எவனோ ‘இருக்கேங்க’ என்று சொல்லிவிட்டான். அதனால் அவனை யாரும் தேடவில்லை. பொழுது சாயும்போது கண்டெடுத்தார்கள், உயிர் இல்லை. இதைச் சொல்லும்போது மட்டும் பெரட்டின் குரலில் அதிகாரம் இருக்காது.

இனி மேக்கணக்குக்கு வருகிறேன். அங்கே தொண்டராக இருந்தது அவருடைய ஒரே மகள் செல்வமணி. அப்பாவும் மகளும் பேசிப் பல வருடம். காரணம் என்ன என்கிறீர்கள்? அரைப்பேர்தான். கல்யாணத்துக்கு முன் அவள் இவருடைய ஆட்களோடுதான் கொழுந்து எடுத்தாள். ஒருநாள் காய்ச்சலில் கொழுந்து குறைந்தது. கணக்கப்பிள்ளையே போகட்டும் என்று விட்டதை, இவர் வலியப் போய், “எம்புள்ளைன்னு பாக்காதீங்க, அரைப்பேர் போடுங்க” என்று போட வைத்தார். அவள் கூடையை அவர் காலடியில் இறக்கினாள். “உங்க பேரும் வேணாம், அரைப்பேரும் வேணாம்” என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு. பிறகு மேக்கணக்கில் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டாள். புருஷன் கொழும்பில் வேலை; இவள், மாமியார், இரண்டு பிள்ளைகள் எல்லாரும் அந்த வெடிப்புக்குக் கீழேதான்.

இவர் பெரட்டு வைத்ததே அவளுக்காகத்தான். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும், கோழிகளுக்கும் தெரிந்திருக்கும். மலை இறங்கினால் அவள் வீடுதான் முதலில் போகும். ‘நல்லா இருக்கியாம்மா’ என்று கேட்க அவருக்கு வாய் வராது. அதனால் தினமும், “மேக்கணக்கு! வெளிச்சம் இருக்கா?” என்று கேட்டார்.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. முதல் கூப்பாட்டுக்குப் பதில் வராது. இரண்டாவதுக்கும் வராது. பெரட்டின் கழுத்து நரம்பு புடைக்கும். மூன்றாவது தடவை கத்தினால்தான், “இருக்கு” என்று வரும். உடனே, “பிந்திட்ட, அரைப்பேரு!” என்பார். சொல்லிவிட்டு நாற்காலியில் அப்படியே சாய்ந்து ஒரு பெருமூச்சு விடுவார் பாருங்கள். அன்றைய நாளை அதோடுதான் ஆரம்பிப்பார்.

அப்புறம் அந்த மழை வந்தது. மழையா அது! வானத்துக்கு நம் மேல் என்ன கோபமோ. ரோடு உடைந்தது, கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. பெரட்டு கரண்ட் ஆபீசுக்குப் பேசக் கோயில் வளைவுக்குப் போய், கரண்ட் இல்லை ஐயா என்பதைத் தெரிந்த சிங்களத்தில், “லைட் நே மாத்தயா, லைட் நே” என்று மழையில் கத்திவிட்டு வந்தார். மறுநாள் விடிகாலை அதே வளைவில் எனக்குச் செய்தி வந்தது: சரிவில் இருப்பவர்கள் உடனே இறங்க வேண்டும். மடுவத்துக்கு ஓடினேன். பெரட்டு கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“மேக்கணக்கு! வெளிச்சம் இருக்கா?”

“வெளிச்சம் இருக்குங்க.”

அப்பாடா என்றேன். “சீக்கிரம் சொல்லிடுங்க, எல்லாரையும் எறங்கச் சொல்லி.”

பெரட்டு மைக்கிலிருந்து கையை எடுத்தார்.

“அது எம்புள்ள இல்ல வாத்தியாரே.”

“எப்பிடிங்க சொல்றீங்க?”

“ஒரே கூப்பாட்டுல வந்துருச்சு.” மைக்கை இறுகப் பிடித்தார். “யாரது?”

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு மேரி டீச்சரின் அழுகை. “நான்தாங்க... செல்வமணிக்கு டெய்லி அரைப்பேரு விழுது, பாவமா இருந்துச்சு. கரண்ட் இல்லாமத்தான் வரலன்னு நெனச்சேங்க...”

பெரட்டு அவளைத் திட்டவில்லை, அரைப்பேரும் போடவில்லை. “நடுக்கணக்கும் கீக்கணக்கும் ஸ்கூலுக்குப் போங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து நடந்தார். நான் பின்னாலே ஓடினேன். பாதையே ஓடையாகியிருந்தது. அட்டை கடித்ததைத் தட்டவும் நிற்கவில்லை. அந்த வயதில் அப்படி ஏறிய ஒருவரை நான் பார்த்ததில்லை. குடை முதுகிலேயே தொங்கியது.

மேக்கணக்கில் சனம் கதவைச் சாத்திக்கொண்டு லயத்துக்குள் இருந்தது. நான் ஒவ்வொரு கதவாகத் தட்டப் போனேன். அவர் வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினார்: “பெரட்டு! பெரட்டு!”

எல்லாக் கதவும் திறந்தது. ஏன், எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், கிழவர்களைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டே வந்து நின்றாள். செல்வமணியின் மாமியாரும் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள், அவளைத்தான் காணோம்.

கூரை மேல் இருந்தாள். மரக்கிளை விழுந்து சாய்ந்த அன்டெனாவை, கொட்டும் மழையில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் வெடிப்பு வாயைத் திறந்து சேற்றுத் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தது.

“எறங்கு!” என்றார் பெரட்டு.

“வெளிச்சம் வரட்டும். இல்லாட்டி அதுக்கும் அரைப்பேரு போடுவீங்க.”

பெரட்டின் முகத்தை நான் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். அந்தப் பெரிய குரல் எங்கே போனதோ, மழைச் சத்தத்தில் எனக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னார்:

“பேரும் வேணாம், அரைப்பேரும் வேணாம். எறங்கி வாம்மா... எறங்கி வா தாயி.”

அவள் கயிற்றை விட்டாள்.

நாங்கள் ஸ்கூல் ஹாலுக்கு வந்து ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. மேக்கணக்கு லயம் இருந்த இடத்தில் வெறும் செம்மண். சிவப்புப் பலகையும் போய்விட்டது. பெரட்டு எழுந்து நின்று, மேக்கணக்கு ஆட்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். எல்லாரும் இருந்தார்கள். “செல்வமணி!” என்றதும் முதல் கூப்பாட்டிலேயே, “இருக்கேம்ப்பா” என்று வந்தது. அடுத்த பேர் என்னவென்று அவருக்கு மறந்துபோனது. அவர் பேர் மறந்து நாங்கள் பார்த்தது அது ஒரு தடவைதான்.

அந்த மழையில் பிடித்த சளி நெஞ்சை விட்டுப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் கட்டில் பேர் கூப்பிட்டு நர்ஸம்மாவிடம் பேச்சு வாங்கினார் என்று செல்வமணி சிரித்துக்கொண்டே சொன்னாள். அடுத்த வாரம் அழுதுகொண்டே வந்தாள். தேயிலைக்குள்ளேதான் புதைத்தோம். குடையையும் கூடவே வைத்தோம், அப்போதும் விரிக்காமல்.

மேக்கணக்குச் சனம் இன்னும் கூடாரத்தில்தான் கிடக்கிறது. காணி வரும் என்கிறார்கள். அன்டெனாவைக் கூடாரக் கம்பில் கட்டியிருக்கிறோம், மேரி டீச்சர்தான் இப்போது அதையும் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறாள். மைக் முன்னால் உட்காருவது செல்வமணி. அவர் போன பிறகு முதல் காலையில் எல்லாக் கணக்கையும் கூப்பிட்டு முடித்தவள், தினமும் கேட்ட பழக்கத்தில் “மடுவம்!” என்றும் கூப்பிட்டுவிட்டாள். பதில் வரவில்லை. மறுபடி கூப்பிட்டாள். எனக்குத் தாங்கவில்லை. மூன்றாவது கூப்பாட்டுக்கு, பக்கத்திலிருந்த நான் குரலைத் தாழ்த்தி, “வெளிச்சம் இருக்குங்க” என்றேன்.

இப்போது அதுவே வழக்கமாகிவிட்டது. ஆள் இல்லாத இடத்தில் தினமும் குரல் கொடுக்கிறேன். ஒரு நாள்கூட அவள் எனக்கு அரைப்பேர் போட்டதில்லை.