கூம்புக்குள் குடியிருந்த ஜின்

இந்தக் கோடையில் எங்கள் மலை மேய்ச்சலில் புல் சரியாக வரவில்லை. ஜின் பேய் மட்டும் செழிப்பாக வந்தது. கண்டுபிடித்தவர் இசாபெக். 'கண் திறந்தவர்' என்று அவருக்குப் பட்டம். அவருக்குத் திறந்தால் போதும் என்று ஊரே மூடிக்கொண்டது. நாரின் நகரத்திலிருந்து கார்கள் வந்தன. காருக்குள் ஆடுகள். ஆட்டைவிடச் சாதுவாக மனிதர்கள்.

வித்தை இதுதான். ஏதோ ஒரு மகானுடையது என்று வெள்ளிக் கூம்பு ஒன்று, நேரான மரவாளி ஒன்று. வாயோடு வாய், உயரத்தோடு உயரம் வைத்துக் காட்டுவார், இரண்டும் சமம். வீட்டுப் பெண் கூம்பு நிறையக் குதிரைப்பால் எடுத்து வாளியில் கவிழ்க்க வேண்டும். பாதிகூட வராது.

"மிச்சத்தைக் குடிச்சது யாரு?" என்பார் இசாபெக்.

வேறு யார்? ஜின்! பரிகாரம்: வாளியைக் காலி செய்து, ஒரு துஆ ஓதி ஒரு கூம்பு பால், இப்படி மூன்று பிரார்த்தனை. மூன்றாவதில் வாளி தளும்பும். ஜனம் தேம்பும். ஆடு கைமாறும். இதுவரை ஜின் இல்லாத வீடு ஒன்றுகூட அவரிடம் சிக்கவில்லை.

அன்று கவிழ்த்தது பெர்மெத். புதுப்பெண்.

"முரட்டு ஜின், உம்சுனாய்! உன் மருமக மேலதான் உக்காந்திருக்கு. குதிரை ஒண்ணு குடு, இறக்குறேன். இல்லேன்னா இவளைப் பொறந்த வீட்டுக்கு அனுப்பு."

மாமியார் யோசித்தாள். மருமகளைவிடக் குதிரை விலை அதிகம். பெர்மெத்தின் துணிமூட்டை கார்மேல் ஏறியது. புருஷன் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத்தை, நான் ஒரு சொட்டுகூடக் குடிக்கலை."

"நீ குடிக்கலைடி. உனக்குள்ள இருக்கறது குடிச்சுது."

வரிசையில் ஆட்டுடன் நின்றவர் எங்கள் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார்.

"சார், கூம்போட கன அளவு என்ன?" என்று கேட்டேன்.

"அதே உயரம், அதே வாய் உள்ள உருளையில மூணில் ஒரு பங்கு. ஏன்?"

"எதிர்ல பாருங்க."

பார்த்தார். "அது பரீட்சைக்கும்மா. இது அருள்."

எனக்கு வந்ததே கோபம்! முன்னால் போனேன்.

"பெரியவரே, உங்க மேல ஜின் உண்டா?"

"என் நிழலைக் கண்டாலே ஓடும்!"

"அப்ப நீங்களே ஒரு தடவை கவிழ்த்துக் காட்டுங்க."

கூட்டம் முண்டியது. மறுக்க முடியாமல் வாளியைக் காலி செய்து கவிழ்த்தார். வாளியில் அதே மூன்றில் ஒன்று.

"ஐயையோ, உங்களுக்கும் ஏறிடுச்சே!"

யாரோ சிரித்தார்கள். "நீ பக்கத்துல நிக்கறே, அதான்!" என்று சீறினார்.

"சரி, மிச்சம் ரெண்டையும் நான் ஊத்தறேன். துஆ கிடையாது."

ஒரு கூம்புக்கு உருளைக்கிழங்கு விலையை ஓதினேன். அடுத்ததற்கு, வேன்காரர்கள் கூவுகிற மாதிரி "பிஷ்கெக்! பிஷ்கெக்! ஒரு சீட்டு!" என்று கூவினேன். வாளி தளும்பியது. உருளைக்கிழங்குக்கும் ஜின் பயப்படும் என்பது அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது.

வாத்தியார் தன் ஆட்டை இழுத்துக்கொண்டு நழுவினார். இசாபெக் கூம்பை விட்டுவிட்டு ஆடுகளோடு கிளம்பப் பார்த்தார். ஆட்டுக்காரர்கள் விடவில்லை.

"வாடி, மூட்டையை இறக்கு" என்றாள் உம்சுனாய், எதுவுமே நடக்காதது போல.

பெர்மெத் அசையவில்லை. "ஏத்தினது நீங்கதானே, அத்தை? நீங்களே இறக்குங்க."

இறக்கினாள். ஊர் பார்க்க இறக்கினாள்.

கடைசியாக ஒரு கணக்கு. அந்த வாளியின் அகலமும் உயரமும் சமமாக இருந்தால், அதற்குள் அடங்கும் உருண்டை இரண்டு கூம்பு கொள்ளும். நம் தலையும் ஏறக்குறைய உருண்டைதான். கண்டவன் வந்து எதையாவது ஊற்றி நிரப்புவதற்கு முன், நீங்களே அதில் கொஞ்சம் அறிவை ஊற்றி வையுங்கள்.