காயில்காரரின் ஜவ்வரிசி யுத்தம்

தஞ்சாவூர் மாவட்டத்திலேயே ஒரு யுத்தத்துக்கு முழுத் தயாராக இருந்த ஒரே மனிதர் எங்கள் காயில்காரர்தான். துப்பாக்கி இருந்தது. கண்ணுக்குக் கண்ணாடி இருந்தது. முழங்காலுக்கு உறை இருந்தது. ஐயாயிரம் குண்டு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்தது. எதிரிதான் இல்லை. எதிரி தேடியே அந்த மனிதர் அரை வருஷம் அலைந்தார்.

எனக்கு ஒரத்தநாட்டுக்கு மாறுதல் வந்த சமயம் அது. மனைவியும் மகளும் சென்னையில்; நான் மட்டும் அங்கே ஒரு மாடி அறையில். கீழே அவருடைய மோட்டார் ரீவைண்டிங் கடை. எரிந்துபோன பம்ப்செட் மோட்டார்களைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவிவிட்டு, புதுக் கம்பியைக் காயிலாகச் சுற்றிக் கொடுப்பார். அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று இருந்திருக்க வேண்டும். மின்வாரியத்துக்கு மட்டும் தெரியும். ஊருக்கு அவர் காயில்காரர்.

அந்தத் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. கம்பி சுற்றும்போது எண்ணிக்கொண்டே சுற்ற வேண்டும். நடுவில் யாராவது "என்ன, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டால் எண்ணிக்கை போய்விடும், எல்லாவற்றையும் அவிழ்த்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் யார் பேச வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு தலையை இடமும் வலமுமாக ஆட்டுவார். பேசாதே என்று அர்த்தம். இருபத்தைந்து வருஷம் ஆட்டினார். தெருவும் புரிந்துகொண்டு பேசுவதை நிறுத்திவிட்டது. அவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் யாரும் பேசுவதில்லை. கல்யாணம் ஆகவில்லை, தம்பி திருப்பூரில். வருகிறவர்கள் எரிந்த மோட்டாரை இறக்கி வைத்துவிட்டு, "எப்ப வரட்டும்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவார்கள்.

ஒருநாள் நான் படியேறும்போது கூப்பிட்டார். அதுவே எனக்கு அதிர்ச்சி.

"சார், நீங்க வரலாறுதானே எடுக்குறீங்க?"

"ஆமாண்ணே."

"பானிபட் யுத்தமெல்லாம் அதுல வருமா?"

"மூணு தடவை வரும்."

"அப்ப இதுல எது நல்ல துப்பாக்கின்னு சொல்லுங்க."

செல்போனை நீட்டினார். ஏர்சாஃப்ட் துப்பாக்கிகள். நிஜத் துப்பாக்கி போலவே இருக்கும். சுட்டால் ஜவ்வரிசி அளவுக்கு ஒரு வெள்ளை பிளாஸ்டிக் உருண்டை வரும். வெளிநாட்டில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் இதை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் ஒருவரை ஒருவர் சுட்டு விளையாடுகிறார்கள். காயில்காரர் வீடியோ பார்த்துப் பார்த்து மயங்கிப் போயிருந்தார். பாபர் என்ன துப்பாக்கி வைத்திருந்தார் என்பதே எனக்குச் சரியாகத் தெரியாது. ஆனாலும் வாத்தியார் தெரியாது என்று சொல்லக் கூடாது என்பதால் வாங்கிப் பார்த்தேன்.

பெண் பார்க்கிற மாதிரி நாலு மாதம் பார்த்தார். மூன்று சாதி இருந்தது. ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்துச் சுடுகிற ஸ்பிரிங் துப்பாக்கி முதலில். "இது அடிபம்பு மாதிரி சார். தோள்பட்டை போயிரும்" என்று தள்ளினார். அடுத்தது கேஸில் ஓடுவது. "அடுப்புக்கே புக் பண்ணிட்டு ஆறு நாளா உக்காந்திருக்கேன். துப்பாக்கிக்கு வேறயா?" என்றார். மூன்றாவது பேட்டரியில் ஓடுவது. அதன் வயிற்றைக் கிழித்துக் காட்டும் படம் ஒன்று வந்தது. காயில்காரர் அதை விரலால் பெரிசாக்கிப் பார்த்தார். முகமே மாறிவிட்டது.

"சார், உள்ள மோட்டார் இருக்கு சார்!"

அன்றே ஆர்டர் போட்டார்.

வந்த துப்பாக்கியை ஒரு வாரம்கூட அவர் நிம்மதியாக இருக்க விடவில்லை. பிரித்து, கட்டைவிரல் பருமன் இருந்த அந்த மோட்டாரை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து உச்சுக் கொட்டினார். "பாவம் சார், கஞ்சத்தனமாச் சுத்திவிட்டிருக்கான்." தடித்த கம்பி போட்டுத் தானே சுற்றினார். மறுநாள் விசையை அழுத்தியதும் உள்ளே கடமுட என்று சத்தம் கேட்டது. பற்சக்கரத்தில் ஒரு பல் மிச்சமில்லை. இரும்புப் பற்சக்கரம் வரவழைத்தார். சக்கரம் தாங்குகிறதே என்று கெட்டியான ஸ்பிரிங் போட்டார். ஸ்பிரிங் தாங்குகிறதே என்று மோட்டாரை மறுபடி சுற்றினார். குண்டுக்குச் சுழற்சி கொடுத்து நேராகப் போக வைக்கிற ரப்பர் ஒன்று உள்ளே உண்டு. அதைக் கழற்றிவிட்டு சைக்கிள் வால்வ் டியூபை வெட்டிச் சொருகினார். போர்வெல் நாட்டுப் புத்தி அது. மூன்று ஹெச்.பி.யில் தண்ணீர் வரவில்லையா, ஐந்து போடு. ஐந்தில் வரவில்லையா, ஏழரை போடு.

ஒவ்வொரு தடவையும் கொல்லையில் பெயிண்ட் டின்னை வைத்துச் சுட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். முதலில் குண்டு டின்னில் பட்டுத் திரும்பி வந்தது. பிறகு டின் நெளிந்தது. ஒருநாள் ஓட்டையே விழுந்தது. நான் கைதட்டினேன். இரண்டு முட்டாள்களும் சேர்ந்து அந்த ஓட்டை வழியாக வானத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம்.

அதற்கப்புறம்தான் எதிரி தேடும் படலம். டீக்கடைக்கே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார். அங்கே எல்லோருக்கும் துப்பாக்கி மேல் ஆசை; சுடப்படுவதில்தான் யாருக்கும் ஆசையில்லை.

"மயில் விரட்ட ஆகுமா? நாத்தங்காலை நாசம் பண்ணுதுங்க."

"ஆகாதுங்க."

"எலி?"

"ஆகாதுங்க."

"பின்ன எதுக்குய்யா இந்தச் சனியன்?"

காயில்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி சொன்னார்: "இது மயிலுக்கும் இல்ல, எலிக்கும் இல்லீங்க. மனுஷனைச் சுடுறதுக்கு மட்டும்தான்!"

மறுநாள் காலை பத்து மணிக்கு வாசலில் போலீஸ் ஜீப் நின்றது.

வந்தவர் பொறுமைசாலி. துப்பாக்கியை வாங்கி, முனையில் இருந்த ஆரஞ்சு வளையத்தைப் பார்த்ததுமே பொம்மை என்று புரிந்துகொண்டார். இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டுமே.

"யாரைய்யா சுடப்போற?"

"இன்னும் ஆள் கிடைக்கலீங்க."

"கிடைச்சா?"

"சுடுவேங்க. அவருக்கும் ஒரு கண்ணாடி வாங்கி வச்சிருக்கேங்க."

போலீஸ்காரர் தலையைச் சொறிந்தார். இதற்குள் நான் கீழே இறங்கி வந்து, இது விளையாட்டு, இரண்டு பேர் சேர்ந்து ஆடுவது, இவர் ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர் என்றெல்லாம் எடுத்துச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "விளையாட்டா? நல்லா விளையாடுங்க. யாரோட விளையாடுவீங்க?"

அதட்டிக் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்ன காயில்காரர், அன்பாகக் கேட்ட இந்தக் கேள்விக்கு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் விடைத்தாள் திருத்த ஆரம்பித்தேன். "சார், இன்னிக்கு ஒரு மணி நேரம்..." என்று கீழிருந்து குரல் வரும். "பேப்பர் திருத்தணும்ணே!" என்று மேலிருந்து பதில் போகும். ஐந்து மாதம் திருத்தினேன். அவ்வளவு விடைத்தாள் ஒரத்தநாட்டில் கிடையாது என்று அவருக்கும் தெரியும். நாற்பது வயதில் முழங்கால் உறை மாட்டிக்கொண்டு ஓடினால் என் மாணவர்கள் பார்த்துவிடுவார்களே என்பது என் கவலை. மாதா கோயிலில் பூசை முடிந்து வந்த பங்குத் தந்தையைக்கூட காயில்காரர் ஒரு தடவை ஆடக் கூப்பிட்டுப் பார்த்தாராம். அவர் ஜெபித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

ஒரு ஞாயிறு மாலை ஜன்னலைத் திறந்தேன். கொல்லையில் காயில்காரர் முழு வேஷத்தில் இருந்தார். தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் பதுங்கி, எட்டிப் பார்த்து, எதிரே முருங்கை மரத்தைப் பார்த்துச் சுட்டார். துப்பாக்கியைக் கீழே வைத்தார். எழுந்து ஓடி, முருங்கை மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, கையைத் தூக்கி, "பட்டுடுச்சு!" என்றார். மறுபடி ஓடிவந்து டிரம்முக்குப் பின்னால் பதுங்கினார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாவது முறை அவர் ஓடியபோது சிரிக்க முடியவில்லை. சென்னைக்கு போன் பேசி முடித்த பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பதும் இதே கதைதானே என்று தோன்றியது.

கீழே இறங்கிப் போனேன். "அண்ணே, அடுத்த ஞாயிறு நான் வர்றேன்."

"பேப்பர்?"

"தீந்துபோச்சு."

அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கே கதவைத் தட்டினார். கண்ணாடி மாட்டிவிட்டார், உறை கட்டிவிட்டார். "வலிக்குமான்னு முதல்ல நான் பாத்துடறேன் சார்" என்று இரண்டடி தள்ளித் துப்பாக்கியைப் பிடித்துத் தன் தொடையிலேயே ஒன்று சுட்டுக்கொண்டார். போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நாய் ஓடிவிட்டது. வேட்டியை விலக்கினால் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. வேட்டியில் பொத்தலும் விழுந்திருந்தது.

அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"சார், இத வச்சு உங்களை எப்படி சார் சுடுறது?"

ஒரு வருஷமாக அவர் அந்தத் துப்பாக்கிக்குப் பலம் ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். எதிரில் ஆள் நின்றதே இல்லை; அதனால் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. சிநேகிதமாகச் சுட முடியாத ஒரு துப்பாக்கியைச் செய்து வைத்திருந்தார்.

அந்த வாரம் முழுக்க எரிந்த மோட்டார் எதையும் அவர் தொடவில்லை. பழைய ஸ்பிரிங்கைத் தேடிப் போட்டார். தான் சுற்றிய கம்பியை அவிழ்த்து, பழைய கணக்குக்கே சுற்றினார். ஒவ்வொரு நாளும் தொடையில் சுட்டுப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் குறைக்கணும்" என்று நொண்டிக்கொண்டே உள்ளே போவார். சனிக்கிழமை சுட்டுக்கொண்டு, "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கு சார்!" என்று மாடிப்படி வரைக்கும் வந்து சொன்னார்.

சம்பா அறுவடை முடிந்த வயல் ஒன்றில் எங்கள் யுத்தம். மெஷின் உருட்டிப் போட்ட வைக்கோல் கட்டுகள் அங்கங்கே கிடந்தன. பதுங்க அருமையான இடம். பேட்டரித் துப்பாக்கியை என்னிடம் கொடுத்துவிட்டு, அவர் தள்ளிவிட்ட அதே ஸ்பிரிங் சாதியில் மலிவாக ஒன்று வாங்கித் தனக்கு வைத்துக்கொண்டார். விதியைச் சொன்னார்: "இதுல அம்பயர் கிடையாது சார். குண்டு பட்டா அடையாளமும் இருக்காது. பட்டவனே கையைத் தூக்கி, பட்டுச்சுன்னு சொல்லணும்."

அவர் இழுத்து இழுத்துச் சுட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு சுட்டேன். கால் மணி நேரத்தில் ஒரு குண்டும் ஒருவர் மேலும் படவில்லை. அப்போது வரப்பைத் தாண்டி ஓர் ஐந்நூறு வாத்துகள் மேய வந்தன.

"நிறுத்துங்க சார்! தின்னுடும்!" என்று காயில்காரர் அலறினார்.

யுத்தம் நின்றது. வாத்துகளுக்கு முந்தி, நெல்லறுத்த தாளடிக்கு நடுவே சிதறிக் கிடந்த வெள்ளை உருண்டைகளை இரண்டு பேரும் குனிந்து பொறுக்கினோம். வாத்துக்காரர் கோலை ஊன்றிக்கொண்டு ரொம்ப நேரம் வேடிக்கை பார்த்தார்.

"என்னங்க, தாலி கீலி அறுந்து விழுந்துடுச்சா?"

"யுத்தம் நடக்குதுங்க" என்றார் காயில்காரர் நிமிராமலே.

வாத்துக்காரர் அவசரமாக வாத்துகளை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போனார்.

மறுபடி ஆரம்பித்தோம். ஒரு கட்டுக்குப் பின்னாலிருந்து அவர் தலை தெரிந்தது. விசையை அழுத்தினேன். டர்ர்ர் என்றது. காயில்காரர் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கினார். "பட்டுச்சு சார்! பட்டுச்சு!" சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்து ஓடிவந்தார்.

வரப்பில் உட்கார்ந்தோம். தூக்குவாளியில் இட்லி கொண்டுவந்திருந்தார். "வீடியோவுல சார், சுடுறதையெல்லாம் நான் தள்ளிவிட்டுடுவேன். கடைசியிலதான் பாப்பேன். சுட்டவனும் சுடப்பட்டவனும் ஒண்ணா உக்காந்து தின்னுக்கிட்டு, நீ எப்படிச் சுட்டே, நான் எப்படி மாட்டினேன்னு பேசிக்குவாங்க" என்றார். பிறகு ஒரு இட்லியை என் பக்கம் தள்ளி, "இப்ப சொல்லுங்க, என்னை எப்படிச் சுட்டீங்க?"

சொன்னேன். தவழ்ந்து போனதையும், மூச்சை அடக்கியதையும், காற்றுக்கு ஓர் அங்குலம் விட்டுக் குறிவைத்ததையும் பத்து நிமிஷம் சொன்னேன். வாயைத் திறந்தபடி கேட்டார். வீட்டுக்கு வந்து துப்பாக்கியைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன், குண்டு அறை காலி; வாத்து வருவதற்கு முன்பே எல்லாம் தீர்ந்து போயிருக்க வேண்டும். சத்தத்தை வைத்தே மோட்டாருக்கு என்ன நோய் என்று சொல்கிறவருக்கு அந்தக் காலி டர்ர்ர் தெரியாமலா இருந்திருக்கும்?

இரண்டு ஞாயிறு ஆடினோம். மூன்றாவது வாரம் எனக்குச் சென்னை மாறுதல் வந்துவிட்டது. மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த மாறுதல். பஸ் ஏறும்போது எனக்குச் சந்தோஷமே இல்லை.

இப்போதும் ஞாயிறு காலை பத்து மணிக்கு போன் வந்துவிடும். ஆள் கிடைத்தாரா என்று நான் கேட்பேன். "இல்ல சார்" என்பார். பிறகு, "அன்னிக்கு என்னை எப்படிச் சுட்டீங்க, சொல்லுங்க" என்பார். நான் பால்கனிக்குப் போய் முதலிலிருந்து சொல்வேன். போன வாரம் சொல்லி முடித்துவிட்டு உள்ளே வந்தேன். காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரைங்க இப்படி வாராவாரம் சுடுறீங்க?"

"என் சிநேகிதரை" என்றேன். எனக்கு அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதை அன்றுதான் நானே வாய்விட்டுச் சொன்னேன்.