சைரன் அண்ணைக்கு ஓர் அறை

சுவிட்சர்லாந்தில் ஒரு முழுக் கிராமத்தையும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பல்கனிக்கு வரவழைத்த தமிழர் சைரன் அண்ணை ஒருவர்தான். வேறு யாரும் இருப்பதாக வாசகர்கள் எழுதினாலும் நான் நம்பப்போவதில்லை. ஞாயிறன்று வெறும் போத்தலைக் கொண்டுபோய்த் தொட்டிக்குள் போடும் சத்தத்துக்கே பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கும் நாடு இது. அண்ணை அன்று சுழற்றியதோ, கையால் சுற்றும் பழைய தீயணைப்புச் சைரன்.

"வேலை செய்யுதோ எண்டுதான் பாத்தனான்" என்றார்.

நன்றாகவே வேலை செய்தது. பொலிஸ் வந்தது. அவர்கள் சைரனைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று அண்ணைக்கு ஒரே புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. சப்பாத்தைக் கழற்றவைத்து, உள்ளே இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, அதன் வரலாற்றைச் சொன்னார். வந்த இருவரில் ஒருவருடைய தகப்பன் எங்கள் ஊர்த் தீயணைப்புப் படையில் இருந்தவராம். அவருக்கும் ஆசை வந்து ஒருதரம் சுற்றிப் பார்த்தார். ஊர் இரண்டாம் முறையும் பல்கனிக்கு வந்தது.

ஊஸ்டர் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்தில் தீயணைப்பவர்கள் முழுநேர ஊழியர்கள் அல்லர். தச்சர், பேக்கரிக்காரர், வாத்தியார் என்று எல்லோரும் ஊர்ச்சனம்தான். அழைப்பு வந்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். ரெஸ்ரோரண்ட் சமையல்காரரான அண்ணையும் வயதெல்லை வரும்வரை அந்தப் படையில் இருந்தார். அவர் மட்டும் கையில் இருப்பதைப் போடமாட்டார். ஒருமுறை சூப் அகப்பையோடே வண்டியில் ஏறிப் போயிருக்கிறார்.

கோயில் திருவிழாவிலும் அவருக்கு ஓய்வில்லை. கற்பூரத் தட்டுக்குப் பக்கத்திலேயே தீயணைப்பானோடு நிற்பார். "ஐயா, கொஞ்சம் பதிவாக் கீழ காட்டுங்கோ, மேல சேலை தொங்குது" என்பார். அம்மனைப் பார்க்கவேண்டிய ஐயர் அண்ணையைப் பார்த்தபடியே தீபம் காட்டுவார்.

ஊர்ப் படையைப் பக்கத்து நகரத்துப் படையோடு சேர்த்துவிட்டார்கள். பழைய நிலையத்தை இடித்து அடுக்குமாடி கட்டப்போவதாக அறிவித்தார்கள். உள்ளே இருந்ததெல்லாம் குப்பைக்குப் போகும் என்று கேள்விப்பட்ட அன்றே அண்ணை தள்ளுவண்டியோடு புறப்பட்டார். பித்தளைத் தலைக்கவசங்கள், தோல் வாளிகள், குழாய்கள், அந்தச் சைரன் என எல்லாம் அவருடைய நிலவறைக்கு இடம்பெயர்ந்தன. மிஞ்சியவை குடியிருப்பின் பொது உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் போயின.

அவருடைய மனைவியை நாங்கள் அக்கா என்போம். ஒருநாள் மிளகாய்த்தூள் மூட்டையோடு நிலவறைக்குப் போனவர் அதே மூட்டையோடு திரும்பி வந்தார்.

"இஞ்சேருங்கோ, என்ரை தூளுக்கு அங்கை இடமில்லை. செத்துப்போன ஆக்களின்ரை தொப்பிக்கு இடமிருக்கு, என்ன?"

"தூள் திரும்ப இடிக்கலாம். தொப்பி திரும்ப வராதெல்லோ" என்றார் அண்ணை.

கைவிடப்பட்ட பொருள்களோடு அவர் நிற்கவில்லை. முதியோர் இல்லத்தில் இருந்த பழைய படைக்காரர்களைத் தேடிப்போய் அவர்கள் கதைகளைக் கைபேசியில் பதிவுசெய்தார். ஒரு கிழவர் பேச்சு முழுவதும் தன் இடுப்புச் சத்திரசிகிச்சையைப் பற்றியே சொன்னார்.

"இதை அழிக்கலாம்தானே அண்ணை?" என்று கேட்டேன்.

"விசரோ உமக்கு? இதுகும் படையின்ரை இடுப்புத்தான்."

இவ்வளவு பாடு எதற்கு என்று அன்றுதான் கேட்டேன். அண்ணை கைபேசியை மேசையில் வைத்தார்.

"அகதியா வந்த புதுசிலை எங்களை இந்த ஊரிலை ஒரு பழைய மரவீட்டிலை விட்டிருந்தவங்கள். ஒருநாள் பின்னேரம் குசினியாலை நெருப்பு ஏறீட்டுது. நான் மேல்மாடியிலை படுத்திருந்தனான். புகைக்குள்ளை ஒரு ஆள் வந்து என்னைத் தோளிலை போட்டுக்கொண்டு இறங்கினது. முகமூடி. முகம் தெரியேல்லை. நன்றி சொல்லப் பாஷையும் தெரியாது. பாஷை படிச்சாப்பிறகு படையிலை ஒவ்வொருத்தரிட்டையும் போய், நீங்களோ, நீங்களோ எண்டு கேட்டன். எல்லாரும் 'நானில்லை, மற்றவனாயிருக்கும்' எண்டுதான் சொல்லினம். ஆளைத் தெரிஞ்சால் ஒரு ஆளுக்கு நன்றி சொல்லியிருப்பன். தெரியாததாலை எல்லாருக்கும் சொல்லவேண்டிக் கிடக்கு."

வீட்டுக்குள் அடங்காத ஒன்று மட்டும் நிலையத்திலேயே நின்றது. மரச்சில்லு வைத்த, கையால் அடிக்கும் பழைய தண்ணீர்ப் பம்பி வண்டி. புதிய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஓர் அறை ஒதுக்கினால் அதைக் காப்பாற்றலாம், இல்லாவிட்டால் உடைத்துவிடுவார்கள். முடிவு, ஊர்ச்சனம் கைதூக்கி வாக்களிக்கும் ஊர்க்கூட்டத்தின் கையில்.

அங்கேதான் சிக்கல். பிரஜாவுரிமை இல்லாதவர்கள் கடைசி வரிசையில் இருந்து பார்க்கலாம், கதைக்க முடியாது. அண்ணைக்குப் பிரஜாவுரிமை இல்லை. அதற்கான நேர்முகத்தில் பக்கத்து ஏரியின் பெயரைக் கேட்டதற்கு, அதிலிருந்து எந்தக் குழாயால் எப்படித் தண்ணீர் இழுப்பது என்று நேரம் முடியும்வரை விளக்கியிருக்கிறார். பெயரைச் சொல்லவேயில்லை. அக்கா முதல் தடவையிலேயே சித்தியடைந்து பிரஜாவுரிமை பெற்றவர்.

கூட்டத்தில் தலைவர், அறை தேவை என்று யாராவது பேசுகிறீர்களா என்று கேட்டார். மண்டபத்தில் இருமல் மட்டும் கேட்டது. அண்ணை கடைசி வரிசையில் கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்போது முன்வரிசையில் அக்கா எழுந்தார். கனவுபோல் இருந்தது எனக்கு. அவர் ஜெர்மன் மொழியில் சொன்னதை எங்கள் பேச்சில் தருகிறேன்.

"என்ரை மனுசனை இந்த ஊர் ஆள் ஒருத்தர்தான் நெருப்புக்குள்ளாலை தூக்கிக்கொண்டு வந்தவர். ஆரெண்டு இண்டைக்கும் தெரியாது. இவர் இல்லாட்டி எனக்கு ஒரு குடும்பம் இல்லை, பிள்ளையள் இல்லை. அந்த மனுசரின்ரை சாமானுக்கு ஒரு அறை குடுங்கோ." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஏலாதெண்டால், என்ரை நிலவறையை ஆரும் வந்து திருப்பி வாங்கித் தாங்கோ."

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. பிறகு கைகள் உயர்ந்தன. பழைய பேக்கரிக்காரர் இரண்டு கைகளையும் உயர்த்தினார். ஒன்றைக் கீழே விடும்படி எண்ணுகிறவர் கெஞ்சவேண்டியிருந்தது. திரும்பிப் பார்த்தேன். அண்ணை தலையைக் குனிந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் துடைத்தார்.

இப்போது அறை திறந்துவிட்டது. பம்பி வண்டி நடுவில் நிற்கிறது. பொத்தானை அமத்தினால் கிழவர்கள் கதைக்கிறார்கள், இடுப்புக்காரர் உட்பட. போன கிழமை அறை முழுவதையும் சுற்றிப் பார்த்தேன். எல்லோருடைய படமும் பெயரும் இருக்கின்றன. அண்ணையைப் பற்றி மட்டும் ஒன்றுமில்லை.

ஏன் என்று கேட்டதற்கு, "நான் என்ன செய்தனான்?" என்று கோபித்துக்கொண்டார்.

ஆகவே அக்காவிடம் இரகசியமாகச் சொல்லிவைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் அச்சில் வந்ததும் வெட்டி, அண்ணை பார்க்காத நேரமாக அந்தச் சுவரில் ஒட்டிவிடுவார்.