எலுமிச்சம்பழமும் என் வலது கையும்

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவனும் கறை எடுப்பதில் மன்னனுமாகிய நான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி வணக்கம் சொல்லிக்கொள்கிறேன். அங்கே அக்காவும் பிள்ளைகளும் சுகம்தானே? இங்கே நானும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அதை நாளை மறுநாள் டாக்டரம்மா பார்த்துத்தான் சொல்வாராம்.

நடந்தது இதுதான். ஏழு மாடி ஆபீஸ் கட்டடம், அதன் வாசல் கல்லில் இரும்புக் கதவின் துரு வழிந்த கறை. நாலு கம்பெனிக்காரன் வந்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போன பிறகு, கடைசியில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். என் தயாரிப்பின் ரகசியம் உலகத்தில் ஒருத்தனுக்குத்தான் தெரியும். கடையில் கேனில் விற்கிற துருநீக்கியை வாங்கி, லேபிளைக் கிழித்துவிட்டு, வேறு பாட்டிலில் ஊற்றி, “எலுமிச்சம்பழச் சாறு, அடுப்புச் சாம்பல், மத்ததைக் கேக்காதீங்க” என்பேன். லேபிளில் பொடி எழுத்தில் என்னவோ எச்சரிக்கை இருந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு என்னைத் தாங்க முடியாமல் போனதால் பொடி எழுத்துவரை நம்ம பாடம் வரவில்லை. கையுறை போட்டிருந்தேன் மச்சான், அதை மறந்துவிடாதீர்கள். சுண்டுவிரல் பக்கம் சின்ன ஓட்டை. உள்ளே ஈரம் சேர்ந்ததும் வேர்வை என்று நினைத்து, இப்படி உழைக்கிறோமே என்று என்னை நானே மெச்சிக்கொண்டு மத்தியானம்வரை தேய்த்தேன். கழற்றினால் கை லேசாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான். சாயங்காலம் பிடித்தது பாருங்கள் ஒரு வலி, எலும்புக்குள் யாரோ குடிவந்து சுவரெல்லாம் ஆணி அடிக்கிற மாதிரி.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, “கையில என்ன பட்டுச்சு ஐயா?” என்றார்.

“எலுமிச்சம்பழம்மா.”

“எலுமிச்சம்பழத்துக்கு விரல் நுனி இப்படி வெளுக்காதே.”

“நம்ம பழம் வேற ரகம்மா.”

பக்கத்தில் நின்ற உங்கள் தங்கை பார்த்த பார்வையில் இன்னொரு கையும் வெந்தது. நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். திரையில் ஒழுங்காகப் போன கோடு திடீரென்று குடிகாரன் மாதிரித் தள்ளாட ஆரம்பித்தது.

“ஐயா, ரத்தத்துல கால்சியம் இறங்கிக்கிட்டே போகுது. சில அமிலம் தோலோட நிக்காது, உள்ள போய்க் கால்சியத்தைப் பிடிச்சு வச்சுக்கும். அது கொறஞ்சா நெஞ்சே நின்னுடும். எதுன்னு சொல்லுங்க!”

இருபது வருட ரகசியம் ஒரு பக்கம், உயிர் ஒரு பக்கம். நான் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. ஒயர்கள் தெறிக்க எழுந்து உட்கார்ந்து, “ஹைட்ரோபுளோரிக் அமிலம்! கடையில வாங்குனது! எழுதிக்குங்க!” என்று முழங்கினேன். வார்டே எழுந்து நின்றது, காலில் கட்டுப்போட்டவர் உட்பட. உடனே கை முழுக்கக் கால்சியக் களிம்பு, நரம்பில் கால்சிய மருந்து. கோடு நிதானத்துக்கு வந்தது. இப்படித் துணிந்து உண்மை பேசிய நோயாளியைத் தன் சர்வீஸில் கண்டதில்லை என்று டாக்டரம்மா கண் கலங்கினார்.

உங்களுக்கும் அக்காவுக்கும் ஆயுளும் ஆரோக்கியமும் பெருகட்டும், பிள்ளைகளுக்குப் பொடி எழுத்துவரை படிப்பு வரட்டும்.

இப்படிக்கு,
உண்மைக்காக உயிரைப் பணயம் வைத்த உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: அண்ணா, அவருக்குக் கையில கட்டு. அவர் சொல்லச் சொல்ல எழுதினது நான்தான். கட்டடத்துக்கு மாடி மூணு. வார்டுல யாரும் எழுந்து நிக்கல. கோடு தள்ளாடினப்பவும் அவர் வாயில எலுமிச்சம்பழம்தான் வந்துச்சு. நான்தான் வீட்டுக்கு ஓடிப் போய், குப்பையைக் கொட்டிக் கிளறி, கிழிச்ச லேபிளைக் கொண்டாந்து டாக்டரம்மா கையில கொடுத்தேன். அந்த அமிலத்தோட பேரையே அவர் இன்னைக்குக் காலையிலதான் கத்துக்கிட்டார். விரல் தப்பிச்சிடும்னு சொல்றாங்க. நீங்க போனை எடுக்காததாலதான் இதை ஆள்கிட்ட அவசரமா கொடுத்தனுப்புறேன். போன மாசம் உங்க பாத்ரூம் தரைக்குன்னு அவர் ஆசையா ஒரு பாட்டில் கொடுத்தாரே, அதைத் தொடாதீங்க. பிள்ளைங்களை அந்தப் பக்கமே விடாதீங்க. அதுல எலுமிச்சம்பழம் ஒரு சொட்டுகூடக் கிடையாது.