மாப்பிள்ளை கொடுத்த மெஷின்

"வணக்கம் ஐயா. நான் இனியன் பேசுறேன். உங்களுக்கு எந்த வகையில உதவலாம்?"

"உதவி எல்லாம் வேணாம் தம்பி. என் சட்டை ஆறு இந்த வாஷிங் மெஷினுக்குள்ள மாட்டிக்கிட்டிருக்கு. நேத்துக் காலையிலேருந்து கதவைத் திறக்க மாட்டேங்குது. சட்டையைக் கொடுத்துட்டு மெஷினை எடுத்துட்டுப் போங்க. இணைப்பை ரத்து பண்ணிடுங்க."

போனை எடுத்தவன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்தக் குரல் அவனுடைய மாமனாரின் குரல். அந்த மெஷின் போன மாதம் அவனே ஆசை ஆசையாக அவருக்கு வாங்கிக் கொடுத்த மெஷின்.

அவனுக்கு இனியன் என்பது சொந்தப் பெயர் இல்லை. கம்பெனியின் உறவு காப்புப் பிரிவில் போனை எடுக்கிற இருபத்தாறு ஆண்களுக்கும் இனியன் என்றுதான் பெயர். பெயரைச் சொல்லி யாரும் யார் மீதும் புகார் கொடுத்துவிட முடியாது அல்லவா, அதில் கம்பெனிக்கு ஒரு நிம்மதி. மனைவி வீட்டில் அவனை மாப்பிள்ளை என்பார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

எந்தக் கம்பெனி என்று அந்த ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். ஒரு காலத்தில் நாலைந்து கம்பெனிகள் இருந்தன. சிலவற்றை இது வாங்கிப் போட்டது. மற்றவற்றை வாங்காமலேயே மூடவைத்தது. இப்போது துணி துவைக்கிற மெஷின், அதற்குப் போடுகிற சோப்பு, அதை ஓட்டுகிற ஆப், கெட்டுப்போனால் வந்து பார்க்கிற ஆள் எல்லாமே ஒரே இடத்திலிருந்துதான் வரவேண்டும். வேறு சோப்பைப் போட்டால் மெஷின் கதவைப் பூட்டிக்கொள்ளும். சந்தா ஒரு நாள் தள்ளிப்போனாலும் பூட்டிக்கொள்ளும். சில சமயம் சும்மாவே பூட்டிக்கொள்ளும்.

இந்த லட்சணத்தில் விலகிக்கொள்கிறேன் என்று கூப்பிடுகிறவர்களைப் பேசிப் பேசியே விலகவிடாமல் செய்வதுதான் உறவு காப்பு. இதைப் போய் மாமனார் வீட்டில் சொல்ல முடியுமா? பெண் பார்க்கப் போன அன்று, "என்ன வேலை?" என்று அவர் கேட்டபோது, "மெஷின் வடிவமைக்கிறேன்" என்று வாய் தவறி வந்துவிட்டது. மனிதர் அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அப்புறம் வாயைத் திருத்திக்கொள்ள நேரமே அமையவில்லை.

மாப்பிள்ளை மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டான். "வேற சோப்பு ஏதாவது போட்டீங்களா ஐயா?"

"கடையில உங்க சோப்பு தீர்ந்துபோச்சு. வீட்டுல இருந்த சோப்புத்தூள் ரெண்டு ஸ்பூன் போட்டேன்."

"மெஷின் அதை ஏத்துக்காதுங்களே."

"இருபது வருஷமா என் உடம்பு ஏத்துக்குது. நேத்து வந்த மெஷினுக்கு என்ன வந்தது?" என்றவர், குரலைத் தணித்துக்கொண்டார். "தம்பி, ஒரு விஷயம். இது என் மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்தது. தங்கமான மனுஷன். உங்க கம்பெனியிலதான் இருக்கார். அவர் மேல எனக்கு ஒரு குறையும் கிடையாது. குறை எல்லாம் மெஷின் மேலதான். நான் கூப்பிட்டது அவருக்குத் தெரிய வேணாம். மனசு கஷ்டப்படுவார்."

போனை வேறு இனியனுக்குத் தள்ளிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. முதலில் யார் எடுத்தாரோ அவரே அந்த வாடிக்கையாளரைக் கடைசிவரை பிடித்துவைக்க வேண்டும் என்பது பிரிவின் விதி. அதுவும் மூன்று மாதம் ஒருவரைக்கூட விலகவிடாமல் இருந்தால்தான் அவனுக்கு வேலை நிரந்தரம்.

"ஐயா, கதவை நான் இங்கிருந்தே திறந்துவிடறேன். கூடவே ரெண்டு மாசத்துக்குச் சோப்பு இலவசம். சரின்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சரி."

அந்தச் சரிக்கு இரண்டு வருட ஒப்பந்தம் என்று அர்த்தம். அதையும் சட்டப்படி அவன் சொன்னான். ஆனால் பிரிவில் சொல்லிக்கொடுத்த வேகத்தில் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு மாமனார் வீட்டுக்குப் போனான். அவர் கசங்கிப்போன சட்டையில் வாசலுக்கே வந்து வரவேற்றார். ஒரு நாள் முழுக்க மெஷினுக்குள் கிடந்த சட்டை என்று பார்த்தவுடனேயே அவனுக்குத் தெரிந்தது.

"மெஷின் எப்படி இருக்கு மாமா?"

"அதுக்கென்ன மாப்பிள்ளை, அருமை. துணி பூ மாதிரி வருது. தெருவே வந்து பார்த்துட்டுப் போச்சு."

பின்பக்கத்தில் வாளியில் துணி அலசுகிற சத்தம் கேட்டது.

"அத்தை என்ன பண்றாங்க?"

"அதுவா? சும்மா. கைக்கு ஒரு பயிற்சி வேணும்ல."

மாப்பிள்ளை அசடு வழியச் சிரித்தான். மாமனார் அவனைவிட நன்றாகச் சிரித்தார். திரும்பும்போது மனைவி, "அப்பாவுக்கு அந்த மெஷின்னா உசுரு" என்றாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பத்து நாளில் மறுபடியும் போன் வந்தது.

"தம்பி, இனியனா? சோப்பு வந்தது. அறுபது பை. எல்லாம் ரோஜா வாசனை. நான் நடந்து போனா பூக்கடை போற மாதிரி இருக்குன்னு வாக்கிங் வர்ற ஆளுங்க சொல்றாங்க. அதுகூடப் பரவாயில்லை. இப்ப மெஷின் வேற வாசனையை ஏத்துக்க மாட்டேங்குது. துணியும் சொட்டச் சொட்ட வருது. ரத்து பண்ணிடுங்க."

மாப்பிள்ளை மூக்கைப் பிடித்தான். "சொட்டச் சொட்ட வருதுன்னா அதுக்கு எங்ககிட்ட உலர்த்துற மெஷின் இருக்கு ஐயா. ஆறு மாசம் இலவசம்."

"தம்பி, நான் கேட்டது ரத்து."

"நாளைக்கே வந்துடும் ஐயா."

வந்தது. அடுத்த ஞாயிறு போனபோது கூடத்தில் சோபாவைக் காணோம். அந்த இடத்தில் பீரோ உயரத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டி நின்றது. குளியலறைக்குள் நுழையாத பெட்டி. சோபா படுக்கையறைக்குப் போய்விட்டது, அதனால் கட்டிலின் ஒரு பக்கமாக ஏறி மறுபக்கமாக இறங்கித்தான் அலமாரிக்குப் போக வேண்டும்.

"இதுவும் உங்க கம்பெனிதான் மாப்பிள்ளை," என்றார் மாமனார் பெருமையாக. அவரும் அத்தையும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். "சாய்ஞ்சுக்க வசதியா இருக்கு. முதுகுக்கு இதமா ஒரு சூடு."

"இடம் அடைச்சுக்கிச்சோ மாமா?"

"எங்களுக்கு எதுக்கு அவ்வளவு இடம்?"

சொல்லிவிடலாமா என்று அவனுக்கு நாக்கு நுனிவரை வந்தது. மாமா, அந்த இனியன் நான்தான், இந்த ஞாயிறே உங்க கணக்கை முடிச்சுவிடறேன் என்று இரண்டு வாக்கியம். ஆனால் மெஷின் வடிவமைக்கிற மாப்பிள்ளை என்று தெருவே மரியாதை கொடுத்த வீட்டில் அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. மென்று விழுங்கிவிட்டு டீயைக் குடித்தான்.

மூன்றாவது போன் வந்தபோது நிரந்தர வேலைக்கு இன்னும் இரண்டே நாள் இருந்தது. பிரிவின் மேலாளர் அவன் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றாள். இதுவரை அவள் கையில் சிக்கிய எவரும் வெளியே போனதில்லை என்பதால் ஊழியர்கள் அவளுக்குப் பூட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"தம்பி, தெருமுனை மெக்கானிக்கைக் கூட்டிக்கிட்டு வந்தேன்," என்றார் மாமனார். களைத்துப்போன குரல். "எத்தனை வருஷமா தெரிஞ்ச ஆள். இப்ப உங்க கம்பெனி பனியனைப் போட்டுக்கிட்டு வந்து நிக்கிறான். கடையையே நீங்க வாங்கிட்டீங்களாமே. ஸ்க்ரூவைத் தொட்டா வேலை போயிடும்னு கையெடுத்துக் கும்பிடுறான். தம்பி, எனக்கு இலவசமா எதுவும் கொடுக்காதீங்க. இனி வைக்க வீட்டுல இடம் இல்லை. என் வீட்டுக்காரிக்குக் கை வீங்கிப்போச்சு, வாளியில துவைச்சுத் துவைச்சு. மெஷின் இருக்குன்னு வேலைக்காரம்மாவையும் நிறுத்திட்டோம். மனசு வச்சு விட்டுடுங்க."

மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தான். பூட்டு கையைக் கட்டிக்கொண்டு புன்னகைத்தாள்.

அப்போது அவன் செய்தான் ஒரு காரியம். பின்னால் எப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் தோன்றுகிற காரியம்.

"ஐயா, உங்க மாப்பிள்ளை இங்கதான் வேலை பார்க்கிறார்னு சொன்னீங்களே. ஊழியரோட குடும்பமே விலகினா அது அவர் ஃபைலுக்குப் போகும். அவர் வேலைக்கே ஆபத்து ஐயா."

அப்படி ஒரு விதியே கிடையாது. பயிற்சிப் புத்தகத்தில்கூட அந்த அளவுக்கு யாரும் இறங்கியிருக்கவில்லை. அவனாகவே, அந்த நிமிடத்தில், மூக்கைப் பிடித்துக்கொண்டு உண்டாக்கிய விதி அது.

மறுமுனையில் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.

"அவர் வேலைக்கா?" என்றார் மாமனார்.

"ஆமாங்க ஐயா."

"அப்படின்னா இருக்கட்டும் தம்பி. இருக்கட்டும். இனிமே நான் கூப்பிடலை."

பூட்டு கை தட்டினாள். தட்டியதோடு விட்டாளா? அன்று மதியமே பிரிவு முழுவதையும் கூட்டி அந்தப் பேச்சின் பதிவைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினாள். "இந்த இடத்தைக் கவனிங்க. இவர் எதையும் இலவசமாக் கொடுக்கலை. பாசத்தைத் தொட்டார், அவ்வளவுதான்," என்று சொல்லி அந்த "இருக்கட்டும் தம்பி"யை மட்டும் மூன்று தடவை திருப்பிப் போட்டாள். இருபத்தைந்து இனியன்களும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

மாப்பிள்ளை கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் இத்தனை நாளும் அந்த வெட்கத்தை மறைத்திருந்தது. இப்போது பயம் போய்விட்டது, அவர்தான் இனிமேல் கூப்பிடப் போவதில்லையே. வெட்கம் மட்டும் தனியாக நின்றது. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் கையைக் கழுவாமலே வெளியே வந்தான்.

வெள்ளிக்கிழமை வேலை நிரந்தரமானது. மனைவி அப்பாவுக்குப் போன் செய்து சொன்னாள். "அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கலை. மாப்பிள்ளை வேலைக்கு இனி ஒண்ணும் ஆகாதேன்னு ரெண்டு தடவை கேட்டார். ஏன் அப்படிக் கேட்டார்னு தெரியலை," என்றாள்.

அந்த வார்த்தை அவனைத் தூங்கவிடவில்லை. சனிக்கிழமை காலை அலுவலகம் போனதும் முதல் வேலையாக மாமனாரின் கணக்கைத் திறந்தான். ஏழாவது பக்கத்தின் அடியில், இருக்கிறதா இல்லையா என்று தெரியாத சாம்பல் நிறத்தில், ரத்து என்ற பொத்தான் இருந்தது. திங்கட்கிழமை பூட்டு கேட்பாள், கேட்கட்டும் என்று அதை அழுத்தினான். மனது லேசானது. சொல்லிவிடவும் வேண்டும் என்று முடிவு செய்து, அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நேராக மாமனார் வீட்டுக்குக் கிளம்பினான்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்தப் பிரிவில் அதுவரை ஒருவரும் ஒருவரையும் ரத்து செய்ததில்லை. அதனால் ரத்து செய்தால் என்ன ஆகும் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

மாமனார் வீட்டில் ஆகியிருந்தது இதுதான். இரண்டு மெஷின்களும் ஒரே நேரத்தில், "உங்கள் உறவுக்கு நன்றி" என்று பாடிவிட்டு, கதவைப் பூட்டி, விளக்கை அணைத்துக்கொண்டன. ஒன்றுக்குள் வீட்டிலிருந்த போர்வை, படுக்கை விரிப்பு அத்தனையும். இன்னொன்றுக்குள் மாமனாரின் சட்டை, பேன்ட் அத்தனையும். புதிதாக வேலை நிரந்தரமான மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை வருவாரே என்று அவர் எல்லாவற்றையும் ஒரேயடியாகத் துவைக்கவும் உலர்த்தவும் போட்டிருந்தார்.

ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு, அத்தையின் சால்வையைப் போர்த்திக்கொண்டு, மெஷினுக்கு முன்னால் குந்தியிருந்தார் மாமனார். கையில் ஸ்க்ரூ டிரைவர். கம்பெனியின் ஸ்க்ரூவுக்கு ஐந்து மூலை. உலகத்தில் விற்கிற எந்த ஸ்க்ரூ டிரைவரும் அதில் உட்காராது.

மாப்பிள்ளையைப் பார்த்ததும் சால்வையை இழுத்துக்கொண்டு எழுந்தார்.

"மாப்பிள்ளை, நான் எதையும் தொடலை. யாரையும் கூப்பிடலை. அதுவா நின்னுபோச்சு. உங்களுக்கு இதனால ஒண்ணும் வராதே?"

வழி நெடுக ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தான். இந்தக் கோலத்தில் நிற்கிற மனிதரிடம், உங்கள் துணியையும் பூட்டியது நான்தான் என்று எந்த வாயால் சொல்வது?

"சர்வர் கோளாறு மாமா," என்றான்.

"அதானே பார்த்தேன். உங்க மெஷின் தானா அப்படிப் பண்ணாதே," என்று பெருமூச்சு விட்டார் மாமனார். "எதிர்வீட்டுல சுத்தியல் இருக்கும். வாங்கிட்டு வந்துடறேன். நீங்க உட்காருங்க." அந்தச் சால்வையோடேயே படியிறங்கிப் போனார்.

மாப்பிள்ளை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். கூனிக் குறுகி உட்கார்ந்தான். அத்தை வீங்கிய கையால் டீயைக் கொண்டுவந்து வைத்தாள்.

"மாமா ஏன் அத்தை இவ்வளவு பயப்படறார்?" என்றான், ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

அத்தை சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே, கோபமே இல்லாமல் சொன்னாள்.

"நேர்ல சொன்னா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னுதான் முதல் போன்லயே உங்க குரல் தெரிஞ்சும் தெரியாத மாதிரி அங்கேயே கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொல்லிக்கிட்டிருந்தார், அப்புறம் நீங்களே வாயைத் திறந்து வேலைக்கு ஆபத்துன்னு சொன்னா, மனுஷன் பயப்படாம என்ன பண்ணுவார் மாப்பிள்ளை?"