சாலுரான் அண்ணே தோற்ற ஆறாம் மாடி

பினாங்குத் தீவிலேயே தேர்தலைக் காதலித்துக் கல்யாணமும் பண்ணிக்கொண்ட ஒரே மனிதர் எங்கள் சாலுரான் அண்ணேதான். வாக்குச் சாவடியில் வயதுப்படி ஆட்களைப் பிரிக்கும் வரிசைக்கு இங்கே சாலுரான் என்று பெயர். மூத்தவர்களுக்கு முதல் சாலுரான். அண்ணே ரொட்டி சானாய் கடையிலும் அப்படியே வரிசை பிரிப்பார்.

"யாரைப் பாத்துய்யா ஒண்ணாம் சாலுரான்ங்கிற?" என்று எங்கள் ஃபிளாட் கமலா அக்கா கடைக்காரரின் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு அண்ணேயைத் துரத்தியிருக்கிறார்.

போன வருஷம் எங்கள் ஏழு மாடி ஃபிளாட்டில் லிஃப்ட் படுத்துவிட்டது. கொமிட்டித் தலைவராகி அதை எழுப்பியே தீருவது என்று அண்ணே கிளம்பினார். கை தூக்கச் சொல்லியிருந்தால் அன்றைக்கே ஜெயித்திருப்பார்.

"கையத் தூக்குறதெல்லாம் தேர்தலா லா? நாட்டுல பிரதமருக்கா நேரா ஓட்டுப் போடுறோம்? தொகுதிக்கு ஒரு எம்.பி. பாதிக்கு மேல எம்.பி.ங்க யாரு பக்கமோ, அவருதான் பிரதமர். இங்க மாடிக்கு ஒரு தொகுதி!"

ஏழு மாடி, ஏழு தொகுதி, ரகசிய வாக்கு, விரலில் மை. அந்த மை இரண்டு வாரம் போகவில்லை, எதில் காய்ச்சினாரோ! தேர்தல் அதிகாரி, ஓய்வு பெற்ற ஸ்டெல்லா டீச்சர்.

அண்ணேயின் அணி நாலு மாடிகளைப் பிடித்தது. பெரும்பான்மை! கடைசியாக எண்ணியது அவரே நின்ற ஆறாம் மாடி. எதிராளி லோரி மாமாவுக்குப் பதினெட்டு, அண்ணேவுக்குப் பதினேழு. மிச்சம் இரண்டே தாள். இரண்டிலும் அண்ணே பெயருக்கு நேராகப் பெருக்கல் குறி, பக்கத்தில் ஒரு சிரித்த முகம். நானும் என் அக்காவும் போட்டவை. முதல் ஓட்டு, உற்சாகம் தாங்கவில்லை.

"ஜெயிச்சுட்டீங்க!" என்றார் டீச்சர்.

அண்ணே தாள்களை உற்றுப் பார்த்தார். "ரோசாக், டீச்சர். ரெண்டும் செல்லாது."

"யோவ், உனக்கு விழுந்த ஓட்டுய்யா!" லோரி மாமாவே அலறினார். "நானே ஒத்துக்கறேன் லா!"

"படம் போட்டா யாரு ஓட்டுன்னு கண்டுபிடிச்சிடலாம் மாமா. அப்புறம் என்ன ரகசியம்?"

நாலு தொகுதி ஜெயித்த அணி, தலைவருக்கு மட்டும் சீட் இல்லை! சீட் இல்லாதவர் தலைவராக முடியாது என்று மாடிப்படியில் விதி ஒட்டியவரும் அவரேதான். அவர் அணியில் மூன்றாம் மாடியைப் பிடித்த கமலா அக்கா தலைவரானார்.

"இப்ப யாருய்யா ஒண்ணாம் சாலுரான்?"

"நீங்கதான்க்கா. முதல்ல லிஃப்டப் பாருங்க" என்று, தான் எழுதி வைத்திருந்த புகார்க் கடிதத்தை நீட்டினார் அண்ணே.

லிஃப்ட் இப்போது ஓடுகிறது. அந்த முகங்களை வரைந்தது யார் என்று அவர் இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை.

அடுத்த நாடாளுமன்றத் தேர்தலில் நிஜமான வாக்குச் சீட்டு என் கைக்கு வரும். அதில் பெருக்கல் குறி மட்டும்தான். சிரிப்பை, வெளியே நிற்கப்போகும் அண்ணேவுக்காக வைத்திருக்கிறேன்.