ஆறாயிரத்து நானூறு கிலோ மூட்டை

வாய் பேசக் கூச்சப்படுகிறவனுக்குக் கை சும்மா இருப்பதில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குக் கம்ப்யூட்டரில் தெரிந்தது ஒரே வேலை: அழிப்பது. மகள் வள்ளியின் லேப்டாப்பில் நெல் ரகங்களின் பெயரை அடித்துப் பழகியபோது நான் அதிகம் அமுக்கிய பொத்தான் அதுதான்.

புதுவயலில் நான் வேலை பார்க்கும் அரிசி மில்லில், எடை மெஷினின் போர்டு இடி இறங்கிக் கருகிவிட்டது. வேறு மாதிரி சிப் வைத்த புது போர்டு வந்தது. அதற்கு ஏற்றபடி வள்ளிதான் புரோகிராமை மாற்றினாள். சரியாக ஓடினால் முதலாளியின் மற்ற மில்களின் வேலையும் அவளுக்கே. சென்னைக்கு வேலைக்குப் போகவேண்டாம்.

அன்று அவள் ஒயர் மாட்டப் போயிருந்தாள். திறந்திருந்த லேப்டாப்பை எட்டிப் பார்த்தேன். ஒரு வரியின் கடைசியில் இரண்டிரண்டு கோடு, இரண்டிரண்டு அடைப்புக்குறி. (கை தவறி இரண்டு தடவை அமுக்கிவிட்டது போல, பாவம்!) அரிசியில் கல் பொறுக்கிய கை கேட்குமா? அந்த வாலை மட்டும் அழித்தேன்.

வள்ளி வந்து புரோகிராமை ஏற்றினாள். "ஒரு தப்புக்கூடக் காட்டலப்பா!" என்றாள். (பின்னே? திருத்தியது யார்!)

வெறும் தட்டுக்குப் பூஜ்யம் காட்டியது. இருபத்தைந்து கிலோ மூட்டையை வைத்தோம். 6400 என்றது.

முதலாளி கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். "என்ன செல்லையா, லாரிய உள்ள வச்சுத் தச்சுட்டீகளா?"

நான் ஏறி நின்று பார்த்தேன். ஒரு லாரி அரிசியின் எடை மாதிரி ஏதோ காட்டியது. வள்ளி ஒயரைப் பிடுங்கினாள், மாட்டினாள். எண் மாறவில்லை. "வேற ஆளப் பாத்துக்கலாம்" என்று முதலாளி திரும்பினார்.

"நான்தான்... குப்பைன்னு நெனச்சு... கொஞ்சம் கூட்டித் தள்ளிட்டேன்" என்றேன்.

வள்ளி திரையைப் பார்த்தாள். தலையில் கைவைத்தாள்.

"கல்யாணப் பந்தி மாதிரிப்பா. பழைய சிப்புல எல்லாம் ஒட்டித்தான் உக்காரும். புதுசுல நடுவுல ஒரு எலை காலியா விட்ரும். விடாதேன்னு சொல்ற வரிய, சிப்புக்குப் புரியுற மாதிரி மாத்திக் குடுக்குற ஒவ்வொரு கம்பைலருக்கும் ஒவ்வொரு மாதிரி எழுதணும். இதுக்குண்டானத நீங்க அழிச்சுட்டீக. எடைய வாங்கிக் காட்டுற பொட்டி எலைய மாத்தி எண்ணிருச்சு."

எனக்குப் புரியவில்லை. தலையாட்டினேன். வாலை மறுபடி ஒட்டினாள். மூட்டை இருபத்தைந்து கிலோவுக்கு இறங்கியது.

"மத்த மில்லையும் நீயே பாரு ஆத்தா. ஒங்க அப்பாவ மட்டும் கூட்டிட்டு வராத" என்றார் முதலாளி.

இன்றைக்கும் எந்தக் கல்யாணத்திலும் கூச்சத்தில் ஓர் இலை தள்ளித்தான் உட்காருகிறேன். எதிர்ப்பந்தியிலிருந்து வள்ளி கத்துவாள்: "அப்பா, ஒட்டி உக்காருங்க! ஆறாயிரத்து நானூறு கிலோ ஆயிரும்!"

விஷயம் தெரியாதவர்கள் என் வயிற்றைப் பார்க்கிறார்கள்.